தள்ளிப்போட்ட கடல்

சுஷ்மாவுக்குக் காது கேட்காது என்பது பூனாவின் ஹடப்சரில் அவள் குடியிருந்த கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே தமிழையும் இந்தியையும் ஆங்கிலத்தையும் பிடித்துக்கொண்டுவிடுவாள். மராத்தியில் மட்டும், வேகமாகப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் தடுமாறுவாள். பதிலையும் வாய் திறந்தே சொல்வாள். அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. புதிதாகக் கேட்பவர்கள், இந்தப் பெண் எங்கோ வெளிநாட்டில் வளர்ந்திருக்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்.

இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் காது நரம்பைத் தின்றுவிட்டது. அவளைப் பேச வைத்தது அம்மா ஆனந்தவல்லிதான். வங்கியிலிருந்து வந்ததும் வராததுமாகக் குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, 'ர' எப்படி அதிர்கிறது, 'ல' எப்படி வழுக்குகிறது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். பணமா மணமா என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். அதற்கும் பயிற்சி நடந்தது. சுஷ்மா கல்லூரியில் படிக்கும்போது அப்பா காலமானார். அதன் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

படிப்பு முடிந்து ஹடப்சரிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ளும்வரை.

முகக்கவசம் வந்தபோது எல்லோருக்கும் மூச்சு முட்டியது. சுஷ்மாவுக்கோ உலகமே ஊமையாகிவிட்டது. காய்கறிக்காரர், மருந்துக்கடைக்காரர், லிஃப்டில் ஏறுகிற பக்கத்து வீட்டம்மா, யாருக்கும் வாய் இல்லை. கண்கள் மட்டும் சுருங்கி விரியும். அந்தக் கண்கள் கேள்வி கேட்கின்றனவா, கோபப்படுகின்றனவா, சும்மா சிரிக்கின்றனவா என்று ஒன்றும் புரியாது. அலுவலக வேலையில் குறை இல்லை. வீட்டிலிருந்தபடி கணினியில் கூட்டம் நடக்கும். பேசுவதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். வாசல் தாண்டினால்தான் சங்கடம். எங்கே போனாலும் அம்மா கூட வந்தாள். முப்பத்துமூன்று வயதில் மறுபடியும் அம்மாவின் பின்னால் போய்ப் பால் வாங்குவது சுஷ்மாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவும் மனசு வரவில்லை.

இரண்டாவது அலை ஓய்ந்து, இருவரும் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டபின், நவராத்திரி சமயத்தில் ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே சுஷ்மா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அம்மா, நான் மாலத்தீவு போகப்போறேன்."

ஆனந்தவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். "சினிமாக்காரா எல்லாம் போறாளே, அங்கேயா?"

"அவா போற தீவு வேற. சின்னத் தீவெல்லாம் இருக்கு. நம்மள மாதிரி மனுஷாளும் போறா."

"போய் என்ன பண்ணப்போறே?"

"ஜலத்துக்கு அடியில போகப்போறேன். முதுகுல காத்து உருளை கட்டிண்டு."

அம்மாவின் முகத்தில் வந்து போனதைப் பார்த்து அவளே மேலே சொன்னாள். "ஜலத்துக்குள்ள யாருக்கும் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காதும்மா. வாயில குழாயைக் கடிச்சிண்டிருப்பா. எல்லாரும் கையாலதான் பேசிக்கணும். அங்க எனக்கும் அவாளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இந்த ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒரு எடத்துக்குப் போகணும்னு இருக்கு."

ஆனந்தவல்லி மீதிக் காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு, "ஜலத்துக்கு அடியில நீ போ. ஜலத்துக்கு மேல நான் வரேன்" என்றாள்.

சுஷ்மா தன் தொழிலையே பயணத்தின்மேல் திருப்பினாள். வீட்டுப் படியிலிருந்து தீவு வரைக்கும் எங்கே உடையும், எங்கே நோய் ஒட்டும் என்று ஒவ்வொரு இடமாகத் தேடி அடைத்தாள். மும்பை விமான நிலையத்துக்குப் பஸ் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைக்க ஒப்புக்கொள்கிற டாக்ஸி போதும். அறை கடல் பக்கம் ஜன்னல் உள்ளதாக இருக்க வேண்டும். சாப்பாடு வெளியே மரத்தடியில். படகு திறந்த படகு. அங்கே நோய் வந்து தங்க நேர்ந்தால் செலவைப் பார்த்துக்கொள்ளும் காப்பீடு. காது டாக்டரிடம் போய், நரம்புதான் பழுது, செவிப்பறை திடமாக இருக்கிறது, முங்கலாம் என்று சான்று வாங்கிவந்தாள். அந்தத் தீவில் கடலுக்குள் முங்கச் சொல்லித்தரும் ஆமினத் என்ற பெண்ணுக்குத் தன்னைப் பற்றி முன்கூட்டியே எழுதினாள். 'காது கேட்காதவர்கள் என்னிடம் இதற்கு முன்னும் வந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில் பாதி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது' என்று பதில் வந்தது. சுஷ்மா அதை அம்மாவிடம் மூன்று தரம் காட்டினாள்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பரிசோதனைக்கூடத்து ஆள் வீட்டுக்கே வந்து இருவர் மூக்கிலும் குச்சியை விட்டுக்கொண்டு போனார். மறுநாள் முடிவு வந்தது. சுஷ்மாவுக்கு நெகட்டிவ். ஆனந்தவல்லிக்கு பாசிட்டிவ்.

அம்மாவுக்கு முந்தின நாளிலிருந்து உடம்பு அசதியாக இருந்தது உண்மைதான். பெட்டி கட்டின அலுப்பு என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

சேதி தெரிந்து, ஊரின் மறுகோடியான கோத்ரூடிலிருந்து சித்தி பிள்ளை தேஜஸ் வீடியோவில் கூப்பிட்டான். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பாதியும் இந்தி பாதியுமாகப் பேசுவான்.

"அக்கா, உன் ரிப்போர்ட் நெகட்டிவ் தானே? ஏர்போர்ட்ல அதுதான் பாப்பா, அவ்வளவுதான். நீ போ. பெரியம்மாவை நான் பாத்துக்கறேன். கிஸ்கோ பதா சலேகா, யாருக்குத் தெரியப்போறது?"

"தேஜஸ், நேத்திக்கு சாயங்காலம் அம்மாவும் நானும் ஒரே தட்டுல பேல்பூரி சாப்பிட்டோம். இன்னிக்கு நெகட்டிவ், நாளன்னிக்கு எனக்கும் வரலாம். விமானத்துல என் பக்கத்துல உக்காரப்போறது யாருன்னு எனக்குத் தெரியுமா? அவாத்துல வயசானவா யாரு இருக்கான்னு தெரியுமா?"

"அரே, எல்லாரும் அப்படித்தான் போறா."

"அதனாலதான் எல்லாருக்கும் வந்துண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பை முடித்தாள்.

விடுதிக்கும் விமானத்துக்கும் ஆமினத்துக்கும் எழுதித் தேதியைத் தள்ளிப்போட அரை மணி ஆயிற்று. துக்கமாகத்தான் இருந்தது. கட்டிய பெட்டியைப் பிரிக்காமல் கட்டில் அடியில் தள்ளினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவின் அறைக்கான ஏற்பாட்டைப் பார்க்கப் போனாள்.

அந்த வீட்டில் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் பொதுவாக ஒரு நீண்ட பால்கனி உண்டு. படுக்கையறைப் பக்கம் முழு உயரக் கண்ணாடிக் கதவு. அம்மா உள்ளே, மகள் பால்கனியில், நடுவே கண்ணாடி. இருவருக்குமே முகக்கவசம் வேண்டாம். அம்மாவின் உதடு பளிச்சென்று தெரியும். சுஷ்மா நாற்காலியையும் மடிக்கணினியையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். அலுவலக வேலைக்கு நடுவில் தலை தூக்கினால் அம்மா தெரிவாள். சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, பால்கனிக்குச் சுற்றி வந்து, அம்மா சாப்பிடுவதைக் கண்ணாடி வழியே மேற்பார்வை பார்ப்பாள். "இன்னும் ரெண்டு வாய்" என்று கண்ணாடியைத் தட்டுவாள்.

காய்ச்சல் பெரிதாக ஏறவில்லை. ஆனால் இரண்டாவது நாள் காலை, அம்மா பேசுவதில் ஏதோ வித்தியாசம் என்று சுஷ்மாவுக்குத் தோன்றியது. உதடு வழக்கம்போலத்தான் அசைந்தது. கழுத்து நரம்புதான் அநியாயத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா கஷ்டப்பட்டுப் பேசறே?"

ஆனந்தவல்லி தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். குரல் போய்விட்டது. காற்றுகூட வரவில்லை.

சற்றைக்கெல்லாம் அம்மாவின் கைபேசி அதிர்ந்தது. மாநகராட்சியிலிருந்து யாரோ, நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள். அம்மா எடுத்து வாயசைக்கிறாள். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை போலும், வைத்துவிட்டார்கள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி வைத்துவிட்டார்கள். ஆனந்தவல்லி கண்ணாடிக்கு அந்தப்புறம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வந்த தொலைபேசியையெல்லாம் எடுத்தவள் அவள். இப்போது பேசத் தெரிந்தவளுக்குக் குரல் இல்லை. குரல் இருப்பவளுக்குக் காது இல்லை.

சுஷ்மா அசரவில்லை. அவர்களுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜோக்லேகருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வீடியோவில் வரச் சொன்னாள். மடிக்கணினியைப் பால்கனியில் திருப்பி வைத்தாள். டாக்டரம்மா தன் அறையில் தனியாக இருந்ததால் முகக்கவசம் இல்லாமல் திரையில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசுவது அடியில் எழுத்தாக ஓடியது.

"எப்போதிலிருந்து குரல் இல்லை?"

சுஷ்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி, அம்மாவிடம் தமிழில் கேட்டாள். அம்மா உதட்டை அசைத்தாள். சுஷ்மா திரைப்பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னாள்.

"விடியற்காலையிலிருந்து, டாக்டர். வலி இல்லை. விழுங்க முடிகிறது."

"ஆக்சிஜன் அளவு?"

அம்மா விரலில் மாட்டியிருந்த கருவியைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினாள். அளவு நன்றாகவே இருந்தது.

"நெஞ்சில் ஏதாவது?"

அம்மாவின் உதடு மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது. மடமட என்றா, படபட என்றா? நெஞ்சு மடமடவென்று அடிக்காது. "லேசான படபடப்பு, படியேறினது மாதிரி" என்றாள் சுஷ்மா. அம்மா ஆமென்று தலையாட்டினாள்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, டாக்டர் வேறெதுவும் தொந்தரவு உண்டா என்று கேட்டார். ஆனந்தவல்லி மகளைப் பார்த்து, ரகசியம் பேசுகிறவள்போல உதட்டைச் சுருக்கி ஏதோ சொன்னாள். சுஷ்மா திரும்பினாள்.

"டாக்டர், காலையில் குளியலறையில் தலை சுற்றியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்கிறாள்."

ஆனந்தவல்லிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரையில் டாக்டர் சிரித்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்தால், எழுந்து நின்றவுடன் அழுத்தம் இறங்கித்தான் இருந்தது. தினமும் போடுகிற அழுத்த மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குப் பாதியாக்கி, உப்புப் போட்ட மோர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று கடுமையாக உதட்டை அசைத்தாள். "உன்னண்ட ஒண்ணு சொன்னா, அப்படியே ஒப்பிச்சுடறதா?"

"நீ என்னண்ட சொல்லல. டாக்டரண்ட சொன்னே. நான் வாய் மட்டும்தான்."

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு வேலை முழுக்க சுஷ்மாவுடையது. மாநகராட்சி மின்னஞ்சலுக்குப் பதில் போட்டாள். கீழ்வீட்டு மும்தாஜ் ஆண்ட்டி காலையில் பாலைச் செருப்பு அலமாரியின்மேல் வைத்துவிட்டு மாடிப்படியில் தள்ளி நின்று நலம் விசாரிப்பார். சுஷ்மா வாசலில் இருந்தபடி கைபேசியை நீட்டுவாள், அவர் பேசுவது அதில் எழுத்தாக விழும், பார்த்துப் பதில் சொல்வாள். முதல் நாள் மும்தாஜ் ஆண்ட்டிக்கு அது விளையாட்டாக இருந்தது. இரண்டு நாளில் அவரே பால் பையை வைக்கும்போது "போனை எடும்மா" என்று கையால் காட்டத் தொடங்கினார்.

சுஷ்மாவுக்கு நோய் வரவில்லை. தனிமைக்காலம் முடிந்து இன்னொரு தடவை சோதித்தும் நெகட்டிவ்தான். அம்மா அறையைவிட்டு வெளியே வந்தாள். குரலும் மெல்ல மெல்ல வந்தது. "பெரியம்மா வாய்ஸ் ஏக்தம் பாரி, கட்டைக்குரலா ஆயிடுத்து, போன்ல நான் யாரோ அங்கிள்னு நெனச்சேன்" என்று தேஜஸ் சொல்லித்தான் சுஷ்மாவுக்குத் தெரிந்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. இரண்டு மாசத்துக்கு விமானம் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தீபாவளி பட்சணம் இன்னும் டப்பாவில் இருக்கும்போதே சுஷ்மா கட்டில் அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"தனியாவா?" என்றாள் அம்மா.

"தனியாத்தான்."

"யாராவது ஏதாவது கேட்டா எப்படிடி தெரியும்? அங்க எல்லாரும் மூடிண்டு நிப்பா. நான் இல்லாம..."

"அம்மா, இந்த வீட்டுல அத்தனை நாளா யாரு பேசினா?"

ஆனந்தவல்லி மகளின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மடித்து வைத்திருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, தன் இஷ்டப்படி மறுபடி மடித்து வைத்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய், வழிக்குக் கட்டித்தரத் தேப்லா என்ற வெந்தயக்கீரைச் சப்பாத்திக்கு மாவு பிசைய ஆரம்பித்தாள். அனுமதி கிடைத்துவிட்டது என்று சுஷ்மாவுக்குப் புரிந்தது.

மறுபடியும் குச்சி, மறுபடியும் நெகட்டிவ். டாக்ஸி ஜன்னல் திறந்தபடியே காட் மலைச்சாலை இறங்கி மும்பைக்குப் போயிற்று.

விமான நிலையத்தில் எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது, ஓர் இடம் தவிர. முகப்பில் கைபேசியை நீட்டினாள், ஊழியர் பேசியது எழுத்தாக வந்தது, பெட்டி போயிற்று. அடுத்தது பாதுகாப்புச் சோதனை. அங்கே கைபேசியைத் தட்டில் போட வேண்டும்! பயணத்தில் எங்கே உடையும் என்று அத்தனை தேடியவளுக்கு இது தோன்றவே இல்லை. கைபேசி ஓடும் பட்டையில் ஏறி உள்ளே போய்விட்டது. திரைக்குள் நின்ற பெண் காவலர், முகக்கவசமும் அதன்மேல் கண்ணாடித் தடுப்புமாக, ஏதோ கேட்டார். கண் மட்டும் தெரிந்தது. மறுபடி கேட்டார். பின்னால் வரிசை நின்றது.

சுஷ்மா தட்டு போன திசையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் காதைத் தொட்டு, கையை இல்லை என்று ஆட்டி, நேராக அந்தக் கண்ணைப் பார்த்தாள். "எனக்குக் காது கேட்காது. நீங்கள் கையால் காட்டினால் போதும்" என்று இந்தியில் சொன்னாள்.

காவலர் தலையாட்டினார். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினார். சுஷ்மா விரித்தாள். விரலைச் சுழற்றினார். திரும்பினாள். கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சுஷ்மா சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினாள். முடிந்தது. கடைசியில் காவலர் இரண்டு கையையும் சிறகுபோல விரித்து ஆட்டி, போய்விட்டு வா என்று வாசலைக் காட்டினார். அந்தத் தடுப்புக்குப் பின்னால் அவர் சிரித்தார் என்பதில் சுஷ்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை. முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. தேப்லாவை இறங்கினபின் படகுத்துறையில் காற்றாட உட்கார்ந்து சாப்பிட்டாள். மாலே விமான நிலையத்து வாசலிலேயே கடல். வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிற மாதிரி படகுகள் நிற்கின்றன. பின்வரிசையில், பக்கம் திறந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். படகு கிளம்பியதும் இஞ்சின் அதிர்வு பலகை வழியாகக் கால் எலும்பில் ஏறிற்று. சத்தம் என்று மற்றவர்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு.

தீவு, ஹடப்சர் காய்கறிச் சந்தையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மணல் தெரு, பவள நிறச் சுவர்கள், சைக்கிள்கள். விடுதிக்காரர் காலைச் சாப்பாட்டுக்கு ரோஷி என்று சப்பாத்தி மாதிரி ஒன்றையும், மீன் சேர்க்காமல் தனியாகத் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் கலந்து வைத்தார். எலுமிச்சை பிழிந்து அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். விடுதிக் கூடத்தில் டில்லிக் கூட்டம் ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்று கூப்பிட்டார்கள். சிரித்துக் கைகூப்பிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை ஆமினத் படகில் நான்கு பேர். சுஷ்மா, நாகபுரியிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு தம்பதி, வயதான ஜெர்மன்காரர் ஒருவர். ஆமினத் கறுப்பாக, குட்டையாக, முகமெல்லாம் உப்பும் வெயிலுமாக இருந்தாள். எல்லோரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்தாள். கடித்துக்கொள்ளும் குழாய்களை அவர்கள் கண்ணெதிரிலேயே மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். நீர்க்கண்ணாடி மங்காமலிருக்க முன்பெல்லாம் எச்சில் தடவுவோம், இப்போது குழந்தை ஷாம்பு என்று சைகையிலேயே நடித்துக் காட்டினாள்.

பிறகு கைப்பாஷை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வட்டமானால், நன்றாக இருக்கிறேன். கையை விரித்து அப்படியும் இப்படியும் ஆட்டினால், ஏதோ சரியில்லை. பிறகு எது சரியில்லையோ அதைக் காட்டு. கட்டைவிரலைத் தூக்கினால், மேலே போகலாம். "சூப்பர் என்று அர்த்தமில்லை, மேலே போவது, மேலே போவது" என்று ஆமினத் எல்லோர் கண்ணையும் பார்த்துக் கையாலேயே அழுத்திக் காட்டினாள்.

தண்ணீருக்குள் இறங்கும்போது சுஷ்மாவின் இடது காதில் ஊசி குத்தினாற்போல வலித்தது. கேட்காத காதுக்கும் வலி உண்டு. கையை ஆட்டி, காதைக் காட்டினாள். ஆமினத் உடனே அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே கூட்டிப்போய், மூக்கைப் பிடித்து ஊதச் செய்தாள். உள்ளே ஏதோ திறந்துகொண்டது. சுஷ்மா வட்டம் காட்டினாள். மறுபடி இறங்கினார்கள்.

கீழே வேறு உலகம். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு அப்போதே கவலை வந்துவிட்டது. மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் கூட்டமாகத் திரும்பினால் ஒரே திருப்பில் நிறம் மாறியது. ஆமை ஒன்று, பென்ஷன் வாங்கிவிட்டு வீடு திரும்புகிறவரைப் போல, யாரையும் லட்சியம் செய்யாமல் கடந்து போயிற்று. அதைப் பார்த்த நாகபுரிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கினார். ஆமினத் கடமை தவறாமல் அவரை மேலே கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் ஒரு திருக்கை மீன் மணலிலிருந்து எழும்பிற்று. மறுபடி கட்டைவிரல். மறுபடி மேலே. மூன்றாம் தடவை அவர் கை எழும்பும்போது அவர் மனைவியே பாய்ந்து அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

சுஷ்மா சிரித்ததில் நீர்க்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் எரிந்தது. சொல்லித் தந்தபடி தலையை நிமிர்த்தி, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினாள். தண்ணீர் வெளியேறிற்று. எதிரே ஆமினத்தின் கண்களும் சிரித்துக்கொண்டிருந்தன. நான்கு பேரும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் மிதந்தபடி கையால் பேசிக்கொண்டார்கள். அதோ பார், கிட்டப் போகாதே, நீ எப்படி, நான் நன்றாக இருக்கிறேன். ஒரு வார்த்தையும் சுஷ்மாவுக்குத் தப்பவில்லை.

படகில் ஏறினதும் எல்லோரும் துடைத்துக்கொண்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். இஞ்சின் போட்டாயிற்று. அந்த இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் விளங்கவில்லை போலும். நாகபுரிப் பெண் தன் புருஷனைக் காட்டி, கட்டைவிரலை மடக்கி, வெட்டிவிடுவேன் என்று கத்தரிபோல் விரலை அசைத்தாள். ஜெர்மன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சுஷ்மா ஆமையைப் போலக் கழுத்தை நீட்டி, மெதுவாகக் கையைத் துழாவிக் காட்டினாள். எல்லோரும் ஆமாம், ஆமாம் என்று வட்டம் காட்டினார்கள். கரை வரும்வரைக்கும் அப்படியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

இருந்த நாளெல்லாம் காலையில் கடல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மணலில் நடை. அம்மாவுக்கு வீடியோவில் அலையைக் காட்டினாள். அம்மா "சத்தம் நன்னா கேக்கறதுடி, ஓங்கி ஓங்கி அடிக்கறது" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கைபேசியை அலைப்பக்கம் பிடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்புவதற்கான பரிசோதனையை அந்தத் தீவின் சுகாதார நிலையத்தில் செய்துகொண்டாள். முடிவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தாக அனுப்புங்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தாள். அப்படியே வந்தது. நெகட்டிவ்.

வீடு வந்து, வெயிலில் கறுத்த முகத்தோடு சுஷ்மா பேச ஆரம்பித்தாள். படகு, ரோஷி, ஆமினத், விரலை மடக்கின பெண் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கை பாதி, வாய் பாதி. ஆனந்தவல்லி மகளின் கை போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூட "ஜாக்கிரதையா இருந்தியா" என்று கேட்கவில்லை. பேச்சு ஒருவழியாக ஓய்ந்ததும், காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"ஏண்டி, எனக்கு நீச்சல் தெரியாதே. அங்க கரையோரம் ஆழமில்லாம இருக்கா?"

"இடுப்பளவு ஜலத்துலயே மீன் வந்து காலை இடிக்கும்."

"இடுப்பளவுன்னா சரி" என்றாள் ஆனந்தவல்லி. "டாக்டரண்ட கேளு, எனக்கு எப்போ விமானம் ஏறலாம்னு. இந்தத் தடவை நான் சொல்றதை மட்டும் சொல்லு, போதும்."